பிராந்து தூக்கின கணக்கு

கோழி வளர்க்காதவர்களுக்குக் கோழிச் சத்தம் எல்லாம் ஒன்றுதான். முட்டை போட்டதும் கொக்கரிக்கும், விடிந்தால் கூவும், அவ்வளவுதான் தெரியும். வளர்க்கிறவனுக்கு அஞ்சாறு சத்தமாவது பிரிச்சுத் தெரிஞ்சிருக்கணும். கீரியோ பூனையோ தரையில் வந்தால் சேவல் கழுத்தை நீட்டி நின்று ‘கொக் கொக் கொக்’ என்று விட்டுவிட்டுக் கத்தும். வானத்தில் பருந்து தெரிந்தால் அந்தச் சத்தம் வராது. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்து, தொண்டையை இறுக்கி நீளமாக ஒரே ஒரு சத்தம் போடும். அடுத்த நொடி வாசலில் ஒரு குஞ்சு இருக்காது. எல்லாம் தாய்க்கோழி இறக்கைக்குள்ளேயோ, கட்டிலுக்கு அடியிலோ போய்விடும்.

போன வருஷம் மாசி மாசம் ஒருநாள் காலை. ஒன்பது மணி இருக்கும். வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றேன். மேலவீட்டு மதினி வாசலில் நாற்பது குஞ்சு கம்பு பொறுக்கிக்கொண்டிருந்தன. பருந்து தாழ வந்தது. தரையை ஒட்டி ஒரு நிழல் போவது மாதிரி போய், மேலே எழும்பும்போது காலில் ஒரு வெள்ளைக் குஞ்சு இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது குஞ்சு போனதால் இல்லை. ஒரு சத்தமும் வரவில்லை. மிச்சக் குஞ்சுகள் ரெண்டடி சிதறி ஓடி, திரும்ப வந்து, விட்ட இடத்திலேயே கம்பைப் பொறுக்கின.

மதினிக்குக் கணவர் இல்லை. அண்ணன் போய் நாலு வருஷம் ஆகிறது. கால்நடைத் துறையில் ஆதரவற்ற பெண்களுக்கு நாலு வார நாட்டுக்கோழிக் குஞ்சு மானிய விலையில் தருகிற திட்டத்தில் அவருக்குக் கிடைத்தது அந்த நாற்பது. மானியம் போகத் தன் பங்குப் பணத்தை நூறுநாள் வேலைக் காசில் சேர்த்துக் கட்டியிருந்தார். குஞ்சு போகப் போகச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தார். நான் பார்த்த அன்றைக்கு ஒன்பதாவது கோடு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்காரவில்லை, நின்றபடியே கேட்டார்.

“தம்பி, வாழைக்கு வாங்குன குருணை மருந்து மிச்சம் இருக்குமே. ஒரு கை குடுங்க. செத்த குஞ்சு ஒண்ணுல தடவிக் கூரைமேல வச்சிர்றேன். அந்தப் பிராந்து ஒழிஞ்சாத்தான் எனக்கு விடியும்.”

மருந்து இருந்தது. மோட்டார் ரூமில், மேல் தட்டில்.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் அப்பா அதே வேலையைச் செய்தார். தடவி வைத்த குஞ்சைப் பிராந்து தொடவே இல்லை. காக்கா கொத்தி இழுத்துக் கீழே போட்டது. எங்கள் மணி அதைத் தின்றது. மணி ராஜபாளையமும் இல்லை சிப்பிப்பாறையும் இல்லை, சாதாரணச் செவலை நாட்டு நாய். வாயில் நுரை தள்ளி, படப்புக்குப் பின்னால் போய்ப் படுத்து, மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அப்பா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவரே குழி வெட்டினார். அதற்கப்புறம் அவர் இருந்தவரை வீட்டில் நாய் வளர்க்க விடவில்லை. கேட்டால், “எதுக்கு” என்பார்.

மதினியிடம் இதைச் சொன்னேன். 1972-லேயே காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, மருந்து வைத்துக் கொன்றால் கேஸ் ஆகும் என்றும் சொன்னேன். சட்டத்தை அவர் காதில் வாங்கவில்லை. நாய் கதையைக் கேட்டார். “அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்க” என்றார். அந்த நிமிஷத்தில் என்னிடம் வழி இல்லை.

ஊரில் எல்லாமே பிராந்துதான். ஆனால் குஞ்சு தூக்குவது ஒரே பறவை இல்லை. சும்மா வட்டமடித்துக்கொண்டே இருக்கும், வால் நுனி கவட்டை மாதிரி பிளந்திருக்கும், அது கரும்பருந்து. மதுரையில் நெல்பேட்டைப் பக்கம் மீன், கறிக் கழிவுக்கு வட்டமடிப்பது இதுதான். வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்பும் என்றால் செம்பருந்து, கருடன். கும்பாபிஷேகத்தில் கோபுரத்துக்கு மேலே வந்தால் கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொள்ளும், அதே கருடன் குஞ்சைத் தூக்கினால் “நாசமாப் போக” என்று மண்ணை வாரித் தூற்றும். மூன்றாவது வைரி. புறா அளவுதான் இருக்கும். வட்டமடிக்காது. வேம்புக்குள் உட்கார்ந்திருந்து, திடீரென்று அம்பு மாதிரி வரும். வந்தது தெரியாது, போனதுதான் தெரியும்.

மதுரையிலும் சென்னையிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் போன் போட்டு, “மொட்டைமாடியில நாய்க்குட்டி விளையாடுது, பருந்து சுத்துது, தூக்கிருமா?” என்று கேட்பார்கள். கரும்பருந்தே ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும். தன் எடையில் பாதியைத் தூக்குவதே அதற்குப் பெரும்பாடு. வளர்ந்த பூனையையும் நாய்க்குட்டியையும் தூக்கிப் போகாது. கண் திறக்காத பூனைக்குட்டி, முயல் குட்டி, பால்கனிக் கூண்டில் லவ் பேர்ட்ஸ், இதுகளைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கூண்டுக் கம்பியில் வைரி வந்து மோதினால் உள்ளே இருக்கிற குருவி பயத்திலேயே செத்துப்போகும். கூண்டுக்கு மேலேயும் மூன்று பக்கமும் துணியோ தட்டியோ கட்டினால் போதும். மாடியில் புறா வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வைரியையும் வல்லூறையும் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில் அரிட்டாபட்டியைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் ஊரிலிருந்து பைக்கில் போகிற தூரம்தான். ஏழு மலை, சுனைகள், சமணர் படுக்கை, குடைவரைக் கோயில் என்று பழைய இடம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ரெண்டு ஊரிலும் சேர்த்து 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதல். சுமார் 250 வகைப் பறவை இருப்பதாகக் கணக்கு. அதில் முக்கியமாகச் சொல்வது மூன்று வேட்டைப் பறவைகள்: லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, பொனெல்லிக் கழுகு. அந்தப் பாறை இடுக்குதான் அதுகளுக்கு வீடு.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று தெரிந்தபோது மேலூர் வட்டாரமே எழுந்தது. டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஊர்வலம். நானும் போனேன். மதினியும் வந்தார், காலில் செருப்பு அறுந்து கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். ஜனவரி 23-ம் தேதி ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு சொன்னபோது ஊரில் வெடி போட்டோம்.

அந்த வெடிச் சத்தம் அடங்கி ஒரு மாசத்தில்தான் மதினிக்கு ஒன்பது குஞ்சு போனது. டீக்கடையில் ஒரு பெரியவர் சிரிக்காமல் சொன்னார்: “மலையையும் பிராந்தையும் காப்பாத்துறோம்னு நடந்தியள்ல. காப்பாத்திட்டியள். இப்ப வந்து கோழிக்கறி கேக்குது.”

நியாயப்படி பார்த்தால் மலை வல்லூறு எங்கள் வாசலுக்கு வருவதில்லை. ஷாகின் பறக்கிற புறாவையும் கிளியையும் வானத்திலேயே அடிக்கிற ஜாதி. லகர் ஓணானும் எலியும் பிடிப்பது. மதினி குஞ்சைத் தூக்கியது சாதாரணக் கரும்பருந்து, சுரங்கம் வந்தாலும் வராவிட்டாலும் இருக்கும். இதை டீக்கடையில் விளக்கினால் எடுபடுமா? பேசாமல் டீயைக் குடித்தேன்.

மறுநாள் மதினி வாசலில் வேலையை ஆரம்பித்தேன். முதலில் பழைய சிடிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். கேசட் டேப்பை உருவி முறுக்கிக் கட்டினோம், காற்றில் ‘ஙொய்’ என்று சத்தம் கொடுக்கும். பத்து நாள் பிராந்து வரவில்லை. பதினோராம் நாள் சிடி தொங்குகிற கம்பியிலேயே உட்கார்ந்து இறகைக் கோதியது. மதினி வீட்டுச் சின்னப் பையன் கைதட்டிச் சிரித்தான்.

அப்புறம் வலை. கண்மாயில் மீன் பிடிக்கிறவரிடம் கிழிந்த நைலான் வலை வாங்கி ரெண்டு வீட்டு வாசலுக்கும் மேலே கட்டினேன். என் வீட்டில் அப்போது ஒரு கோழி பொரித்து ஒன்பது சின்னக் குஞ்சு இருந்தது. நாலாம் நாள் வலை தரையில் தொங்கிய மூலையில் ஒரு சாரைப்பாம்பு சிக்கிச் செத்துக் கிடந்தது. எலி பிடிக்கிற பாம்பு. மனசு கேட்கவில்லை, ஆனாலும் வலையை அவிழ்க்கவில்லை. குஞ்சு போகவில்லையே என்கிற நினைப்பு.

ஆறாம் நாள் விடியற்காலை வலையில் வைரி தொங்கியது.

இறக்கை ஒன்று முழுக்கச் சுற்றியிருந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, செம்மஞ்சள் கண்ணால் என்னையே பார்த்தது. கத்தவில்லை. கீழே என் ஒன்பது குஞ்சும் தாய்க்கோழிக்கு அடியில் ஒரு பொட்டு அசைவில்லாமல் கிடந்தன. மதினி ஓடிவந்தார். கையில் விளக்குமாறு. நான் துண்டை நனைத்து அதன் தலைமேல் போட்டேன். இருட்டானால் அடங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன், அடங்கியது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக வெட்டினேன். பாதியில் ஒரு காலை விடுவித்ததும் என் கட்டைவிரலைப் பிடித்தது. நகம் நாலும் உள்ளே இறங்கியது. கால் கிலோகூட இல்லாத பறவைக்கு அவ்வளவு பிடி. ரத்தம் சொட்டச் சொட்ட மதினியைப் பார்த்து, “நூலை வெட்டுங்க மதினி” என்றேன்.

அவர் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வெட்டினார். முணுமுணுத்துக்கொண்டேதான் வெட்டினார். “எம்புட்டுக் குட்டியா இருக்கு இது. இதுவா தூக்குது?” என்று ஒருதரம் கேட்டார். துண்டை எடுத்ததும் சுவர்மேல் போய் உட்கார்ந்து, உடம்பை ஒரு உதறு உதறி, வேம்புக்குள் போய்விட்டது. அன்றைக்கே வலையை அவிழ்த்துச் சுருட்டினேன். பறவையோ பாம்போ எது சிக்கினாலும் சாகிற மெல்லிய நைலான் வலையை இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பச்சை நிழல்வலையை இழுத்து விறைப்பாகக் கட்டுங்கள், தொய்வு இருக்கக் கூடாது.

விரல் காயத்துக்கு மேலூரில் ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதுதான் ஒரு நோட்டு போட்டேன். போகிற ஒவ்வொரு குஞ்சுக்கும் தேதி, நேரம், என்ன நடந்தது. இறகு ஒரே இடத்தில் கொத்தாகக் கிடக்கிறதா, ரத்தம் இருக்கிறதா, ராத்திரியா பகலா என்று பார்ப்பேன். மூன்று வாரத்தில் ரெண்டு வீட்டிலும் சேர்த்து 14 போனது. அதில் பிராந்து தூக்கியது நாலு. கீரி அஞ்சு. காக்கா ரெண்டு, அது என் வீட்டுச் சின்னக் குஞ்சு. தண்ணித் தொட்டியில் விழுந்தது ஒன்று. குறுகிப்போய்ச் செத்தது ரெண்டு.

மதினியிடம் காட்டினேன். நம்பவில்லை. “கீரியை யாரு பாத்தா? பிராந்தைத்தான் பாக்குறோம்” என்றார். அதுதான் விஷயமே. பிராந்து பட்டப்பகலில், எல்லோர் கண் முன்னாலும், வானத்தில் தூக்கிக்கொண்டு போகிறது. கீரி வேலி ஓரமாக வந்து ஓசையில்லாமல் போகிறது. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் ஊர்க் கோழி பாதி போகும், அப்போது யாரும் யாரையும் திட்டுவதில்லை. மதினி குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போட்டாச்சா என்று அன்றைக்குத்தான் கேட்கவே தோன்றியது எனக்கு.

நோட்டை வைத்துக்கொண்டு யோசித்ததில் இன்னொன்று தட்டுப்பட்டது. பிராந்து தூக்கிய நாலில் மூணு மதினி வாசலில். இத்தனைக்கும் என் வாசலில்தான் குஞ்சு சின்னது, தூக்க லேசு.

மதினி குஞ்சு மெஷினில் பொரித்து, பல்பு சூட்டில் வளர்ந்தது. தாய் முகம் பார்த்ததில்லை. ‘மேலே பார்’ என்று அதுகளுக்கு யாரும் சத்தம் போட்டதே இல்லை. அன்றைக்கு வாசலில் ஏன் சத்தம் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்பதும் ஒரே வயதுக் குஞ்சு. கத்துவதற்குப் பெரிய ஆள் ஒருத்தரும் இல்லை.

இன்னொன்று வாசல். சின்ன வயதில் அதே வீட்டு வாசலில் வைக்கோல் படப்பு இருந்தது, மாட்டுவண்டி நின்றது, சுற்றிக் கிளுவை வேலி. சத்தம் கேட்டால் குஞ்சு ஓடி ஒளிய பத்து இடம். இப்போது அறுப்பு மெஷின் வந்து வைக்கோலைக் கட்டுக் கட்டாக வயலிலேயே விற்றுவிடுகிறோம், படப்பு கிடையாது. வண்டி கிடையாது. வேலியை எடுத்துவிட்டு காம்பவுண்டுச் சுவர். மண் வாசலுக்கு சிமெண்டு. அந்த வெள்ளைச் சிமெண்டில் குஞ்சு நின்றால் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி. எல்லார் வீட்டிலும் இப்படித்தான் செய்தோம், வசதி வந்தது என்று சந்தோஷப்பட்டுத்தான் செய்தோம்.

செவலைக் கிழட்டுக் கோழி ஒன்று என்னிடம் இருந்தது, முட்டை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. அதையும் ஒரு சேவலையும் கொண்டுபோய் மதினி வாசலில் விட்டேன். ஒருநாள் குஞ்சைச் சேர்க்கிற மாதிரி அஞ்சு வாரம் தாண்டிய குஞ்சைக் கோழி சேர்க்காது, கொத்தி விரட்டும். முதல் ரெண்டு நாள் விரட்டியது. ஆனால் சேர்க்க வேண்டாமே, கத்தினால் போதும். ஒரு வாரம் கழித்து நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது செவலை தலையைச் சாய்த்து அந்த நீளச் சத்தத்தைப் போட்டது. அது ஓடியது. பின்னாலேயே ஏழெட்டுக் குஞ்சு ஓடின. மிச்சம் பராக்குப் பார்த்து நின்றன. இன்னும் கொஞ்ச நாளில் அதுகளும் ஓடின.

ஓடுகிறதுக்கு இடம் வேண்டுமே. சிமெண்டு ஓரத்தில் பழைய கட்டில் ஒன்றைப் போட்டு மேலே தென்னை ஓலை. இன்னொரு பக்கம் அவரைப் பந்தல், இடுப்பு உயரத்துக்கு. மூலையில் விறகை அடுக்காமல் ஏறுக்குமாறாகக் குவித்தோம். கம்பு இறைப்பதைத் திறந்த வாசலில் இறைக்காமல் பந்தலுக்கு அடியில் இறைக்கச் சொன்னேன். என் வீட்டில் பழைய பஞ்சாரத்தை எடுத்தேன். தாய்க்கோழியை உள்ளே கவிழ்த்துவிட்டால் குஞ்சு மட்டும் இடுக்கு வழியாக வெளியே வந்து மேயும், சத்தம் கேட்டதும் உள்ளே புகுந்துகொள்ளும். எங்கள் அப்பத்தா காலத்து ஏற்பாடு. பஞ்சாரம் பின்னுகிறவர் எங்கள் பக்கம் ஒருத்தர்தான் மிச்சம், அவரும் இப்போது கல்யாண வீட்டு அலங்காரத்துக்குத்தான் அதிகம் பின்னுகிறார். கீரிக்கு கூட்டின் கதவுக்குக் கீழே இருந்த நாலு விரல் சந்தைச் செங்கல் வைத்து அடைத்தோம். அந்த ஒரு செங்கல்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் குஞ்சைக் காப்பாற்றியது.

சித்திரையில் ஒரு கரிச்சான் ஜோடி, நீங்கள் ரெட்டைவால் குருவி என்பீர்கள், மதினி வீட்டு வேம்பில் கூடு கட்டியது. கைக்குள் அடங்குகிற பறவை. பிராந்து அந்த மரத்துப் பக்கம் வந்தால் போதும், முதுகின்மேல் ஏறிக் கொத்தி ஊர் எல்லை வரை விரட்டிவிட்டுத் திரும்பும். மதினி வேலையை விட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பார். அந்த வேம்பின் கிளையை வெட்டி ஆட்டுக்குப் போடுவதாக இருந்தார், வெட்டவில்லை.

நாற்பதில் ஆடி மாசம் மிஞ்சியது இருபத்தொன்று. ஒன்பது சேவல், பன்னிரண்டு பெட்டை. எட்டுச் சேவலைக் கோயில் காரியத்துக்கு விற்று 4,800 ரூபாய் எண்ணி எடுத்தார். பெட்டையில் மூன்று இப்போது அடையில் உட்கார்ந்திருக்கின்றன. இனி பொரிக்கிறதெல்லாம் தாய் உள்ள குஞ்சு. மோட்டார் ரூமில் இருந்த குருணை மருந்தை நான் குழி தோண்டிப் புதைக்கலாமா என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டேன், கிணற்றுப் பக்கம் புதைக்காதே என்றார்கள். இன்னும் மேல் தட்டில்தான் இருக்கிறது, பூட்டுப் போட்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு பிராந்து திரும்பவும் வந்து மதினி வீட்டில் ஒன்றைத் தூக்கியது. கோடையில் பந்தல் காய்ந்து ஓட்டை விழுந்திருந்த இடத்தில். மதினி தெருவில் நின்று அரிட்டாபட்டி மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினார்:

“உனக்காகத்தான நான் தல்லாகுளம் வரைக்கும் நடந்தேன்! செருப்பு அந்துபோச்சு! நீ என் வீட்லயே வந்து எடுக்குறியே!”

அப்புறம் என்னைப் பார்த்து, “தம்பி, நோட்டுல எழுதிக்கிருங்க. இது பிராந்துதான். நான் பாத்தேன்” என்றார்.

எழுதிக்கொண்டேன்.